மூக்கடைத்தவன் சொன்ன சேதி

போன வாரம் எதிர்வீட்டில் யாரோ வாணலியில் மிளகாய் வத்தலைப் போட்டுவிட்டு செல்போனில் பேசப் போய்விட்டார்கள். கருகிய நெடி கதவிடுக்கு வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் மனைவி இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள். எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. பதினொன்று வரை எண்ணினேன், பிறகு கணக்குத் தவறிவிட்டது. மூக்கிலும் கண்ணிலும் ஒரே நேரத்தில் தண்ணீர். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, அழுகுறீங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கே அது சரியாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த வத்தல் மண்டியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பி.யூ.சி. தேறியவன் என்பதால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏறியது என்று சீட்டு எழுத வேண்டும், வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கடிதம் போட வேண்டும், போன் அடித்தால் எடுத்துப் பேச வேண்டும். முதலாளிக்குக் காது கொஞ்சம் மந்தம். மணி அடித்தாலே ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் மூட்டை அடுக்கி வைக்கிற நீளமான கிட்டங்கி. கூரையில் ஓடுகளுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கும்போது பார்த்தால், காற்றில் சிவப்பாகத் தூசி மிதந்துகொண்டிருக்கும். மூட்டை தூக்குகிற ஏழெட்டுப் பேருக்கும் அது ஒன்றும் செய்யாது. அதே காற்றில் வாயைத் திறந்து சிரிப்பார்கள், சோறு உண்பார்கள், மூட்டை மேல் படுத்துத் தூங்கவும் செய்வார்கள். எனக்கு மட்டும், வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் சளி பிடித்தது. வேலையை விட்ட பிறகுதான் அது விட்டது.

சளி என்றால் சாதாரணச் சளி இல்லை. காலையில் வலது மூக்கு அடைத்திருக்கும், சாயங்காலம் இடது. மத்தியானம் இரண்டும். அடைக்காத வேளையில் ஒழுகும். நாளைக்கு நாலு கைக்குட்டை. நான் தங்கியிருந்த அறையில் கொடி முழுக்க என் கைக்குட்டைகள்தான் காயும். கூடத் தங்கியிருந்தவர்கள் அதைப் பார்த்து, "என்னப்பா, கட்சி மாநாடா?" என்பார்கள். வாசனை அறவே போய்விட்டது. தெருவுக்குத் தெரு மல்லிகைப்பூ விற்கிற ஊரில் மூன்று வருடம் இருந்தும் ஒரு பூவின் மணமும் அறியாமல் நடமாடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சவ்வு வீங்கிப் போயிருக்கிறது, அதுதான் இப்படி நீராகக் கொட்டுகிறது என்றார்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"வத்தல் மண்டியில சார்."

"அப்ப வேலைய விடுங்க."

அதைத் தவிர வேறு எந்த மருந்தும் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சினேன். மிளகை ஊசியில் குத்திக் கருக்கி முகர்ந்தேன். சுக்குக் காபி குடித்துக் குடித்து நாக்குத் தடித்துப்போனது. முதலாளி அம்மா ஒரு தைலம் கொடுத்து, இரண்டு சொட்டு உச்சந்தலையில் வைக்கச் சொன்னார். நான் மூக்கில் விட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். அன்று மாலை வரை நான் யாரிடமும் பேசவில்லை.

அடைத்த மூக்கால் பேசுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. 'ம' என்ற எழுத்தைச் சொல்ல மூக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலாளியின் மைத்துனர் அடிக்கடி கடைக்கு வருவார். அவரை எல்லோரும் மாமா என்பார்கள். நான் கூப்பிட்டால் 'பாபா' என்று விழும். "ஏய்யா, என்னைய எதுக்குச் சாமியாராக்குற?" என்று அவர் சிரிப்பார். நானும் சிரித்தேன். அது வெறும் சிரிப்போடு போகிற விஷயம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

செல்லையா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களில் அவர்தான் உயரம். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். உசிலம்பட்டிக்குத் தெற்கே உள்ளடங்கிய ஒரு ஊர். அங்கே அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், மழை ஏமாற்றிய ஒரு வருடம் மதுரைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். வேலைக்கு வருகிற வழியில் வைகைக் கரையில் நொச்சித் தழை பறித்து, துண்டில் முடிந்து எனக்காகக் கொண்டுவருவார். கிட்டங்கிக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து அவரே பானையில் வெந்நீர் போடுவார். ஒரு சாக்கை உதறி என் தலைக்கு மேல் போர்த்துவார். வத்தல் சாக்குக்குள் உட்கார்ந்து சளிக்கு ஆவி பிடித்தவனும் உலகத்தில் நான் ஒருவன்தான்.

"நல்லா இழுங்க தம்பி. நெஞ்சு வரைக்கும் போகணும்."

சாக்குக்குள் இருக்கிறவனிடம் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. முகம் தெரியாததால் இருக்கலாம். அப்படித்தான் அவர் குடும்பக் கதை எனக்குத் தெரிய வந்தது. அவருடைய அப்பா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். அம்மா ஊரில் மகள் வீட்டில் இருந்தார். செல்லையா அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒன்பது வருடம். "அந்த ஊரு பஸ் எதுக்க வந்தாக்கூட நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்" என்றார். சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்க ஆத்தா இன்னும் அந்தாளு சட்டை ஒண்ண மடிச்சு வச்சிருக்கு தம்பி. கிறுக்கு" என்றார். நான் சாக்குக்குள் மூக்கை உறிஞ்சினேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

மாசி மாதம். வத்தல் வரத்து மும்முரமாக இருந்த நேரம். எனக்கு மூக்கு இரண்டும் அடைத்து, காதும் கும்மென்று இருந்த ஒரு காலை, ஒன்பது மணி வாக்கில் உசிலம்பட்டியிலிருந்து டிரங்க் கால் வந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆள் கத்தினார். செல்லையா அண்ணனுடைய தங்கை வீட்டுக்காரர்.

"செல்லையா மச்சான்ட்ட சொல்லுங்க! ஆத்தாவுக்கு ரொம்ப முடியல! ஒடனே கெளம்பி வரச் சொல்லுங்க!"

ஆத்தா என்றுதான் அவர் சொன்னார். அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் படித்தவன். படித்தவர்கள் அம்மா என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு மிதப்பு. கிட்டங்கி வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: "செல்லையாண்ணே, உங்க அம்மாவுக்கு முடியலையாம். உடனே வரச் சொன்னாங்க."

அவர் முதுகில் மூட்டை இருந்தது. அதை இறக்காமல் அப்படியே நின்றார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை எத்தனையோ தடவை நினைவில் கொண்டுவந்து பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியா, சந்தேகமா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டார்.

மறுபடி சொன்னேன். சொல்லும்போதே தும்மல் வந்துவிட்டது. அவர் மூட்டையை இறக்கி வைத்தார், தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன். அதே குரல்.

"மச்சான் கெளம்பிட்டாரா இல்லையா? இன்னும் வந்து சேரலையே!"

"காலையிலயே கெளம்பிட்டாருங்களே" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

கிட்டங்கியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமல், "அவன் சோழவந்தானுக்குல்ல போறேன்னான்" என்றார்.

"சோழவந்தானுக்கா? எதுக்கு?"

"நீங்கதான தம்பி சொன்னீங்க, அவங்கப்பாவுக்கு முடியலைன்னு."

"ஐயோ, அப்பாவுக்கு இல்ல, அம்மாவுக்கு!"

"அதத்தான தம்பி நானும் சொல்றேன், அப்பாவுக்குன்னு" என்றார் அவர்.

அப்போதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. தனியாக இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். அம்மா என்றுதான் உதடு சேர்ந்தது. அப்பா என்றுதான் சத்தம் வந்தது. முதலாளியிடம் என்ன சொல்லிவிட்டுப் புறப்பட்டேன், சொன்னேனா இல்லையா, எதுவும் நினைவில்லை. சோழவந்தான் பஸ்ஸில் படியோரம் நின்றுகொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் 'ஆத்தா, ஆத்தா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் விலகி நின்றுகொண்டார்.

ஊரில் விசாரித்து அந்தக் கொடிக்காலைக் கண்டுபிடித்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே காலடி வைத்ததும் வேறு உலகம். அகத்தி மரங்களில் வெற்றிலைக்கொடி ஏறி மேலே மூடியிருக்க, கீழே வாய்க்காலில் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. வரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே உயரம். ஒருவர் செல்லையா அண்ணன். இன்னொருவர் நரைத்த தலையோடு, மடியில் வெற்றிலைக் கட்டோடு இருந்தார். சட்டியிலிருந்து சோற்றை மகனுக்கு ஒரு இலையில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் செல்லையா அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தத் தம்பிதானா எனக்கு முடியலைன்னு சேதி சொன்னது? நல்லா இருக்கேன் தம்பி, பாத்துக்கங்க" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு. சேதி பொய்யானதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணே, அப்பாவுக்கு இல்ல, அம்மாவுக்கு" என்றேன். அப்பாவுக்கு இல்ல, அப்பாவுக்கு என்றுதான் அது விழுந்திருக்கும். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்லுது இந்தத் தம்பி?" என்றார்.

"ஆத்தாவுக்கு! ஒங்க ஆத்தாவுக்குண்ணே!"

செல்லையா அண்ணன் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். வாய்க்காலில் குனிந்து கை கழுவினார். அவருடைய அப்பா மடியிலிருந்த வெற்றிலைக் கட்டை எடுத்து வரப்பில் வைத்தார். அது தண்ணீரில் சரிந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நானும் வாரேன்" என்றார்.

மகன் அவரைப் பார்த்தார். "வாங்க" என்றார்.

போகிற வழியில் தன் குடிசை வாசலில் பெரியவர் நின்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார் அந்தப் பெண். செல்லையா அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விக்கிரமங்கலம் வழியாக உசிலம்பட்டிக்கு ஒரு பஸ் உண்டு என்றார்கள். அதற்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மதுரைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து போனால் சீக்கிரம் போயிருக்கலாமோ என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் பத்துத் தடவையாவது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மன்னிப்பு என்பதும் 'ம'வில்தான் தொடங்குகிறது. கேட்கவில்லை.

உசிலம்பட்டியில் இறங்கி, இன்னொரு டவுன் பஸ் பிடித்து, கடைசி இரண்டு மைல் நடந்தோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சோளத்தட்டை அறுத்த காட்டைத் தாண்டும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. செல்லையா அண்ணன் ஓடவில்லை. நடை மெதுவாகிவிட்டது. அவருக்குப் பின்னால் அவருடைய அப்பா, அதற்குப் பின்னால் நான்.

வாசலில் போனில் பேசிய ஆள் எதிரே வந்தார். "எங்க மச்சான் போன? மூணு மணிக்குப் போயிருச்சு. காலையிலருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார்.

இப்போது செல்லையா அண்ணன் சொல்லுவார், இதோ இவன்தான் என்று என்னைக் காட்டுவார் என்று நின்றேன். காட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"பஸ் கெடைக்கல மாப்ள" என்றார் செல்லையா அண்ணன்.

பிறகு கூட்டம் அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தது. முணுமுணுப்பு எழுந்தது. உள்ளே தாயின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த தங்கை நிமிர்ந்து பார்த்து, அழுகையை நிறுத்திவிட்டார். எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், "ஆத்தா, கண்ணத் தொறந்து பாரு, யாரு வந்திருக்கான்னு பாரு" என்று கத்தினார். பெரியவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

நான் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் பார்த்த ஒரு ஆள் பக்கத்தில் வந்து, "தம்பிக்குச் சளி புடிச்சிருக்கு போல, சுடுதண்ணி வேணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பதினாறு நாள் கழித்துச் செல்லையா அண்ணன் வேலைக்கு வந்தார். மொட்டைத் தலை. வழக்கம்போல மூட்டை தூக்கினார். நான் சீட்டு எழுதினேன். மன்னிப்புக் கேட்க நல்ல வேளை பார்த்துக்கொண்டே இருந்தேன். அது வரவே இல்லை. ஒரு வாரம் போனதும் அவர் நொச்சித் தழையைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, "வாங்க தம்பி" என்றார். சாக்குக்குள் உட்கார்ந்திருந்தேன். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் ஆறும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.

அடுத்த வருடம் வங்கிப் பரீட்சை எழுதி வேலை கிடைத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டேன். மூன்று மாதத்தில் மூக்கு சுத்தமாகத் திறந்துகொண்டது. டாக்டர் சொன்னது சரி.

எண்பதுகளின் நடுவில், ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்தபோது பஸ் ஸ்டாண்டில் செல்லையா அண்ணனைப் பார்த்தேன். அவருடைய அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கண் மங்கியிருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. சோழவந்தானில் இருந்த அந்தப் பெண் இறந்துவிட்டாராம். அதிலிருந்து பெரியவர் மகனோடுதான் இருக்கிறாராம்.

"என்ன தம்பி, கொரலே மாறிப்போச்சு!" என்று செல்லையா அண்ணன் சிரித்தார்.

அப்போது கேட்டுவிட்டேன். அத்தனை வருடம் உள்ளே கிடந்த மன்னிப்பை, தெளிவான குரலில். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அன்னைக்கு நீங்க அம்மான்னுதான் சொன்னீங்க. எனக்குத் தெரியும். அத்தன நாளா ஒங்க பேச்சக் கேட்டவனுக்கு அது தெரியாதா தம்பி? சாம்பார சாப்பார்ம்பீங்க, மாடிய பாடிம்பீங்க. ஒரு நாளாச்சும் நாங்க திருப்பிக் கேட்ருக்கமா? தெரிஞ்சுதான் சோழவந்தான் பஸ்ஸுல ஏறுனேன். ஆத்தாளுக்கு அந்தாளக் கொண்டு போயிக் காட்டிரலாம்னு. அம்புட்டு வெரசா போயிரும்னு நெனைக்கல."

"அப்பறம் ஏண்ணே ஒங்க அப்பாகிட்ட, அவருக்கு முடியலைன்னு கேட்டு வந்ததாச் சொன்னீங்க?"

"ஒம்போது வருசங் கழிச்சுப் போயி, வாங்கன்னு எப்படித் தம்பி கூப்புடுறது? மொதல்ல ஒரு வாய் சோறு தின்னுட்டுக் கேப்போம்னு உக்காந்தேன். நீங்க வந்துட்டீங்க."

பஸ் வந்துவிட்டது. அப்பாவைக் கைபிடித்து ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். நான் அவரை அதன் பிறகு பார்க்கவில்லை.

அவர் சொன்னது உண்மையா, என் பாரத்தை இறக்கி வைக்க அந்த நிமிடத்தில் கட்டிய கதையா? அன்று 'யாருக்கு?' என்று திருப்பிக் கேட்டாரே, அது எதற்கு? தெரிந்தே போனவர் என்றால், ஆத்தா என்று நான் கத்தியதும் சோற்றை ஏன் கீழே வைத்தார்? சாக்குத் தைத்தவருக்கு விளங்காத என் பேச்சு இவருக்கு மட்டும் எப்படி விளங்கியது? ஒரு பக்கம் யோசித்தால் ஒன்று சரியாகப் படுகிறது, மறுபக்கம் யோசித்தால் இன்னொன்று. நாலைந்து வருடத்துக்கு முன் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவருடைய மகளிடம் கேட்டேன். "அதப் பத்தி அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே சார்" என்றார்.

மண்டியை ஊருக்கு வெளியே எங்கோ மாற்றிவிட்டார்கள். முதலாளி இல்லை. சாக்குத் தைத்தவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வாய் திறந்தால் பாதி எழுத்து மாறி விழுந்த ஒருவனை, 'என்னது?' என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் வைத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் அந்தச் சிவப்புத் தூசிக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் சொன்னது புரிந்ததா, புரியாவிட்டாலும் போகட்டும் என்று விட்டார்களா, அதைச் சொல்லக்கூட இப்போது ஒருவரும் இல்லை.